போலீஸ்காரர் சிலம்பம் சொல்லித் தரலாமா?

முத்தியால்பேட்டை மணிக்கூண்டைத் தாண்டி வடக்கே போனால் கொஞ்ச தூரத்தில் புதுச்சேரி முடிந்துவிடும். அதற்கு மேல் கோட்டக்குப்பம், தமிழ்நாடு. அந்த எல்லையில் பெட்ரோல் விலை மாறும், சரக்கு விலை மாறும், போலீஸ் தொப்பியும் மாறும். இந்தப் பக்கம் கான்ஸ்டபிள் தலையில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சிவப்புக் கெப்பி. அந்தப் பக்கம் அது கிடையாது. வெளியூர்க்காரர்கள் நின்று போட்டோ எடுக்கிற வித்தியாசம் இது. போட்டோவில் விழாத இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஒரு போலீஸ்காரர் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் என்ன செய்யலாம், எதற்கு அனுமதி கேட்க வேண்டும் என்று சொல்கிற விதிப் புத்தகமும் அங்கே மாறுகிறது.

இதை நான் தோண்ட ஆரம்பித்ததற்கு எங்க ஏரியா தம்பி ஒருத்தன் காரணம். சின்ன வயசிலிருந்து சிலம்பம் சுத்துறவன், இப்போ போலீஸில் இருக்கிறான். "அண்ணே, சாயங்காலத்துல பசங்களுக்குச் சொல்லித் தரலாம்னு இருக்கேன். மாசம் முந்நூறு ரூபா வாங்கினா தப்பாண்ணே?" என்று கேட்டான். விதியைப் பார்த்துட்டுச் சொல்றேன்டா என்றேன். பார்க்கப் போனால், ஃபீஸ் விஷயம் இதில் சின்னப் பாதிதான் என்று தெரிந்தது.

முதலில் அந்தச் சின்னப் பாதி. புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கு மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகள், 1964 பொருந்தும். அதில் 15-ஆவது விதி, தனியார் தொழிலும் வேலையும் பற்றியது. முன் அனுமதி இல்லாமல் வியாபாரமோ வேறு வேலையோ செய்யக் கூடாது என்று ஆரம்பித்து, சில கதவுகளைத் திறந்து விடுகிறது. சம்பளம் இல்லாத சமூக, தர்ம காரியம் செய்யலாம். எப்போதாவது இலக்கிய, கலை, அறிவியல் வேலை செய்யலாம். அமெச்சூராக விளையாட்டில் கலந்துகொள்ளலாம். விளையாட்டையோ கலையையோ வளர்க்கிற ஒரு சங்கத்தைப் பதிவு செய்வது, நடத்துவது இவற்றில் பங்கெடுக்கலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எதுவானாலும் அலுவலக வேலை கெடக் கூடாது, நிறுத்து என்றால் நிறுத்தணும்.

ஆக, தம்பி போட்டிக்குப் போய்க் கம்பு சுத்தினால் யாரிடமும் கேட்க வேண்டாம். பணம் வாங்காமல் தெருப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் சமூக சேவைக் கதவுக்குள் நுழைந்துவிடும். மாதம் முந்நூறு என்று வந்த நிமிஷம் கதை வேறு. தனி ஆளிடமோ அமைப்பிடமோ செய்த வேலைக்குக் கட்டணம் வாங்க அனுமதி வேண்டும் என்று அதே விதி தனியாகச் சொல்கிறது. முந்நூறா மூவாயிரமா என்று அது பார்ப்பதில்லை.

"பொண்டாட்டி பேர்ல கிளாஸ் நடத்திக்கலாமே?" இது நம்ம ஊரில் எல்லாரும் சொல்கிற யோசனை. விதி எழுதினவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. குடும்பத்தில் யாராவது தொழில் நடத்தினால் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு உட்பிரிவு போட்டு வைத்திருக்கிறார்கள். அடுத்தது சங்கம். மாவட்டச் சிலம்பச் சங்கத்தில் செயலாளர், தலைவர் என்று தேர்தல் மூலம் வருகிற பதவிக்கும் முன் அனுமதி வேண்டும். விஜயதசமி அன்று மாணவர்கள் தாம்பாளத்தில் வைத்துத் தருகிற குருதட்சிணைகூட 13-ஆவது விதி, அதாவது அன்பளிப்பு விதி, எட்டிப் பார்க்கிற இடம்தான். ஒரு வேட்டி, பழம், பாக்குக்கு யாரும் வரப் போவதில்லை. மாணவனின் அப்பா தங்க மோதிரத்தோடு வந்தால் யோசிக்க வேண்டும். அந்த அப்பா மேல் ஸ்டேஷனில் ஒரு புகார் நிலுவையில் இருந்தால் நிறையவே யோசிக்க வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு 1964-இல் முளைத்ததும் இல்லை. 1861-ஆம் வருட இந்தியக் காவல் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, போலீஸ் அதிகாரி யாரும் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் வேறு எந்த வேலையிலும் ஈடுபடக் கூடாது என்றது. 22-ஆவது பிரிவு, போலீஸ்காரர் எப்போதும் பணியில் இருப்பதாகவே கருதப்படுவார் என்றது. கோட்டக்குப்பத்துக்குப் போனால் தமிழ்நாட்டுக்கான தனி நடத்தை விதிகள் வந்துவிடும். வாசகம் மாறினாலும் உள்ளே ஓடுகிற பயம் ஒன்றுதான்.

அது என்ன பயம்? எனக்குப் படுவதைச் சொல்கிறேன். சிலம்ப வாத்தியாருக்கு மாணவன் மேல் ஒரு அதிகாரம் இருக்கிறது. தோப்புக்கரணம் போடு என்றால் போடுவான், வெயிலில் நில் என்றால் நிற்பான். ஏன் என்று கேட்க மாட்டான். கேட்காமல் இருப்பதையே நாம் மரியாதை என்கிறோம். போலீஸுக்கு ஊர் மேல் இன்னொரு அதிகாரம் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே ஆள் மேல் போட்டால், அந்த ஆள் எவ்வளவு தங்கமானவராக இருந்தாலும், எதிரில் நிற்பவர்களுக்கு 'வேண்டாம்' என்று சொல்வது கஷ்டம். பையனுக்குப் பிடிக்கவில்லை, நிறுத்திடலாம் என்று அம்மா நினைக்கிறாள். போலீஸ்காரரிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் மூணு மாசம் ஃபீஸ் கட்டுகிறாள். பக்கத்துத் தெருவில் வேறொரு மாஸ்டர் இருபது வருஷமாகக் கிளாஸ் நடத்துகிறார். போட்டிக்கு வந்தவர் யூனிஃபார்ம்காரர் என்றதும் அவருக்கு வயிற்றில் புளி கரைக்கிறது. பெரிய மாணவன் ஒருத்தன் அடிதடியில் மாட்டினால் 'நம்ம மாஸ்டர் பார்த்துப்பார்' என்று நம்புவான். பார்த்துக்கொண்டால் அது தப்பு. பார்த்துக்கொள்ளாவிட்டால் கிளாஸில் மனஸ்தாபம். இதில் எதற்கும் தம்பி கெட்டவனாக இருக்கத் தேவையே இல்லை.

ஜப்பானில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே பல போலீஸ் ஸ்டேஷன்களுக்குள்ளேயே பயிற்சிக்கூடம் உண்டு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சாயங்காலம் அங்கே வந்து ஜூடோவும் கெண்டோவும் கற்றுக்கொள்கிறார்கள், சொல்லித் தருவது போலீஸ்காரர்கள். சொல்லித் தருவது துறையின் காரியமாக ஆகிவிடுகிறது; தனி ஆளின் பக்க வருமானம் என்ற பேச்சே எழாது. நம்ம நாட்டிலும் இதன் சாயலில் ஒன்று உண்டு. டெல்லி போலீஸின் பெண்கள், குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு பள்ளி, கல்லூரி மாணவிகளுக்குத் தற்காப்புப் பயிற்சி நடத்துகிறது. சொல்லித் தருகிற பெண் போலீஸாருக்கு அதுவும் டியூட்டிதான். என்னைக் கேட்டால் தம்பிக்குப் பொருத்தமான வழி இதுதான்: துறையிடம் எழுதிக் கொடுத்து, துறையின் நிழலில், இலவசமாக. ஆனால் மாதம் முந்நூறு என்பது அவனுக்குக் கம்பு வாங்க, திடல் வாடகை கொடுக்க, போட்டிக்குப் பசங்களை அழைத்துப் போக உதவுகிற காசு. அதை யார் தருவார்கள் என்பதற்கு நடத்தை விதியில் பதில் கிடையாது.

இனி பெரிய பாதிக்கு வருகிறேன். கிளாஸுக்குள் யூனிஃபார்ம் நுழைந்தால் என்ன ஆகும் என்று பார்த்தோம். திடலில் கற்றது ஸ்டேஷனுக்குள் நுழைந்தால் என்ன ஆகும்?

போலீஸ்காரர் என்றாலே சண்டை தெரிந்தவர் என்று ஒரு நினைப்பு, சினிமா கொடுத்தது. ஆள் சேர்ந்த புதிதில் கவாத்து, சட்டம், துப்பாக்கி, லத்தி எல்லாம் உண்டு, வெறுங்கைப் பயிற்சியும் உண்டு. அதற்குப் பிறகு பந்தோபஸ்து, கோர்ட்டு, ரோந்து, எழுத்து வேலை. திமிறுகிற ஒரு ஆளைக் காயப்படுத்தாமல் எப்படிப் பிடிப்பது என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது செய்து பார்க்கிற வாய்ப்பு பெரும்பாலோருக்கு வராது. நீச்சல் கற்றவன் தண்ணீர்ப் பக்கமே போகாமல் பத்து வருஷம் கழித்து ஒருத்தரைக் காப்பாற்றக் குதிக்கிற மாதிரி.

சிலம்பக் கம்பையும் லத்தியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிலம்பக் கம்பு பொதுவாக ஆளின் நெற்றி உயரம். எட்டு வயசுப் பையனுக்கு அவன் உயரத்துக்கு, எனக்கு என் உயரத்துக்கு. முதல் சில வாரங்கள் காலடிதான். எங்கே நிற்பது, எப்போது விலகுவது, எதிராளியின் கம்புக்கும் என் உடம்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி. அப்புறம்தான் வீச்சு, சுற்று, தடுப்பு. கம்புச் சண்டைப் போட்டியில் தொட்டால் புள்ளி; எலும்பை உடைத்தால் புள்ளி கூடாது. இன்னொன்று, எதிரிலிருப்பவன் கையிலும் கம்பு இருக்கிறது. நான் அசந்தால் என் விரல் வீங்கும். அவன் என் நண்பன், நாளைக்கும் வருவான், அவனுக்கும் வலிக்கும் என்பது எனக்குத் தெரியும்.

லத்தி எல்லோருக்கும் ஒரே அளவில் வருகிறது. மூங்கிலாக இருந்தது, இப்போது பல இடங்களில் பாலிகார்பனேட். கூட்டத்தைக் கலைக்கும்போது இடுப்புக்குக் கீழே, காலில்தான் அடிக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். எதிரில் ஓடுகிறவன் கையில் கம்பு கிடையாது. திருப்பி அடிக்கிறவன் இல்லாததால் அடியின் அளவு தன் உடம்புக்குத் தெரியாது. சிலம்பத்தில் பத்து வருஷம் பழகினவனுக்கு, மணிக்கட்டில் விழுகிற ஒரு சின்னத் தட்டு என்ன செய்யும் என்று தன் மணிக்கட்டே சொல்லும். லத்தி மட்டும் பிடித்தவனுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. லாக்கப்பில் விழுகிற அடிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்று நினைக்கிறேன். முழுக் காரணம் இதுதான் என்று சொல்ல மாட்டேன். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலுக்குப் போய் உயிரை விட்டார்கள், போலீஸார் மேல் சி.பி.ஐ. கொலைக் குற்றம் சாட்டியது. அந்த மாதிரி இடத்தில் நடப்பது சண்டைத் திறமைக் குறைவு மட்டும் அல்ல. கேட்பாரில்லை என்ற தைரியம்தான் அங்கே முதல். சிலம்பம் கற்றுக் கொடுத்தால் லாக்கப் சாவு நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

போலீஸையும் தற்காப்புக் கலையையும் முதலில் கட்டி இணைத்ததும் ஜப்பான்காரர்கள்தான் எனலாம். டோக்கியோ போலீஸை 1874-இல் உருவாக்கிய கவாஜி தோஷியோஷி, 1877 சத்சுமா கலகத்தில் வாள் பிடித்த போலீஸ் படை சண்டை போட்டதைப் பார்த்துவிட்டு, 1879-இல் வாள்பயிற்சியைப் போலீஸுக்குள் கொண்டுவர வேண்டும் என்று எழுதினார். சாமுராய் காலம் முடிந்து சோற்றுக்கு வழியில்லாமல் இருந்த வாள் ஆசிரியர்களுக்குப் போலீஸ் வேலை கிடைத்தது. 1880-களில் ஜிகோரோ கானோவின் மாணவர்கள் போலீஸ் ஏற்பாட்டில் நடந்த போட்டிகளில் பழைய ஜூஜுட்சுக்காரர்களை வென்ற பிறகு ஜூடோவும் உள்ளே வந்தது. அழிய இருந்த கலைக்குப் போலீஸ் சம்பளம் உயிர் கொடுத்தது என்பதை நம்ம சிலம்பக்காரர்கள் கவனிக்கலாம்.

நேர் எதிர்த் திசையில் போனவர் வில்லியம் ஃபேர்பேர்ன். 1907-இல் ஷாங்காய் நகராட்சிப் போலீஸில் சேர்ந்தவர். பணியில் இருக்கும்போது கும்பல் ஒன்றிடம் செம அடி வாங்கி, தேறி எழுந்து ஜூஜுட்சு கற்றார், ஜூடோவில் கறுப்புப் பட்டை வாங்கினார். பிறகு தன் போலீஸாருக்கே பயிற்சி ஆசிரியர் ஆனார். அதில் சீக்கியப் போலீஸாரும் இருந்தார்கள். 1926-இல் 'டிஃபெண்டு' என்று தன் முறைக்குப் பெயர் வைத்துப் புத்தகம் போட்டார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசு அவரைக் கூப்பிட்டு, கமாண்டோக்களுக்கு ஆளை எப்படிச் சத்தமில்லாமல் கொல்வது என்று சொல்லித் தர வைத்தது. போலீஸ்காரர் என்ற முறையில் ஆரம்பித்த படிப்பு அங்கே போய் முடிந்தது. கலை மாறவில்லை, கேட்டவர்களின் தேவை மாறியது.

நமக்கு இன்னும் கிட்டத்தில் ஒருவர் உண்டு: எச். ஜி. லாங், இந்தியப் போலீஸ் அதிகாரி. பியேர் விக்னி என்ற சுவிட்சர்லாந்துக்காரரின் கைத்தடி முறையை அடிப்படையாக வைத்து 1923-இல் ஒரு தற்காப்புப் புத்தகம் எழுதினார். சாதாரண மலாக்காப் பிரம்பு, நடக்கும்போது ஊன்றுகிற கோல், அதை வைத்து எப்படித் தடுப்பது, எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று படங்களோடு. 1940-களில் அந்தப் புத்தகம் எபிரேயத்துக்குப் பெயர்ந்து, பாலஸ்தீனத்தில் ஹகானா என்ற யூத ரகசியப் படை கம்பு பழகப் பயன்பட்டது. அப்போது பாலஸ்தீனம் பிரிட்டிஷ் ஆட்சியில். பிரிட்டிஷ் போலீஸ் அதிகாரி எழுதின கம்பு வித்தையைப் பிரிட்டிஷ் சட்டத்துக்கு ஒளிந்து வாழ்ந்தவர்கள் படித்தார்கள். இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. கம்புக்குப் பேர் போன நாட்டில் வேலை பார்த்த அதிகாரி, ஐரோப்பாவின் கைத்தடியைத்தான் புத்தகமாக்கினார்.

சட்டம் போலீஸ்காரரின் கையிடம் என்ன எதிர்பார்க்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 46-ஆவது பிரிவு ஒரே வரிதான்: கைதானவர் தப்பிப் போகாமல் இருக்கத் தேவையானதற்கு மேல் அவரைக் கட்டுப்படுத்தக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 49-ஆவது பிரிவாக இருந்ததும் இதுவே. படிக்க எளிது. ராத்திரி பதினோரு மணிக்குக் குடித்துவிட்டுத் திமிறுகிற ஒருத்தனிடம் 'தேவையான அளவு' எவ்வளவு என்று கைதான் முடிவு செய்யும். புத்தகத்தைப் புரட்ட நேரம் இருக்காது. பூட்டுப் போடவும், விடவும், எதிராளியின் மூச்சு எப்போது தடுமாறுகிறது என்று உணரவும் பழகின கைக்கு நடுவில் நிற்க நாலைந்து படிகள் உண்டு. பழகாத கைக்கு இரண்டே படி: சும்மா இரு, இல்லைன்னா அடி.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து மரியெட்டா என்ற ஊரின் போலீஸ், 2019 முதல் புதிதாகச் சேர்கிறவர்களைப் பிரேசிலிய ஜூஜுட்சு கிளாஸுக்கு அனுப்புகிறது. தனியார் கூடம், கூடவே ஊர்க்காரர்கள். பாயில் படுத்துப் புரளும்போது யார் போலீஸ், யார் மெக்கானிக் என்று தெரியாது. மெக்கானிக் கழுத்தை நெருக்கினால் போலீஸ்காரர் தட்டி 'விடு' என்று கேட்டாக வேண்டும். காயங்கள் இரண்டு பக்கமும் குறைந்தன என்று அந்தத் துறையே கணக்குக் காட்டியது. சின்ன ஊர், துறை தானே போட்ட கணக்கு என்பதால் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படிக்கிறேன். என்னைக் கவர்ந்தது அந்தத் தட்டல்தான். போலீஸ்காரர் அங்கே வாத்தியாராக இல்லை, மாணவனாக இருக்கிறார். நம்ம தம்பிக்கும் அவன் பழைய வாத்தியாரிடம் வாரத்தில் ஒரு நாளாவது போய் அடி வாங்கச் சொல்லணும்.

தமிழ்நாடு அரசு வேலைக்கான மூன்று சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்ந்துவிட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது. ஆக, கம்பு பிடித்த கையோடு காக்கிக்குள் வருகிறவர்கள் இனி கூடுவார்கள். அவர்களில் பாதிப் பேராவது தெருவில் நாலு பசங்களைச் சேர்த்துக்கொண்டு சொல்லித் தர ஆசைப்படுவார்கள். நடத்தை விதி எழுதப்பட்ட காலத்தில் இந்தக் கேள்வியோடு வந்தவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள். இலவசம் என்றால் சரி, காசு என்றால் அனுமதி என்பதைத் தாண்டி, துறையே இதற்கு ஒரு மாலை நேரமும் ஒரு திடலும் ஒதுக்கினால் இந்தச் சிக்கலில் முக்கால்வாசி தீரும்.

நடைமுறையில் ஒரு தொல்லை இருக்கிறது, இதைத் தம்பியே சொன்னான்: ஷிஃப்ட். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் ராத்திரி, நடுவில் மந்திரி வருகை, தேர்தல். பசங்களுக்குச் சாயங்காலம் ஆறு மணி என்றால் ஆறு மணிதான், இரண்டு தடவை வாத்தியார் வரவில்லை என்றால் மூணாவது தடவை கிரிக்கெட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால் மூத்த மாணவர் ஒருத்தரை, முடிந்தால் காக்கி போடாத ஒருத்தரை, கூட வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க முடியும். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்கு சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வரும்போது அவனுக்கு லீவு கிடைக்காது. ஊர்வலத்தில் அவன் பசங்க கம்பு சுத்தினால், அவன் கயிற்றுக்கு இந்தப் பக்கம் லத்தியோடு நின்று கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.